சூடேறாத கொயில்

…இல்லை, பற்றறியில் பிழை இல்லை, மீட்டர் நான்கு புள்ளி ஒன்று வோல்ட் காட்டுகிறது, பிறகேன் பட்டனை அழுத்தினால் கொயில் சூடேறுவதில்லை, ஒரு துளிப் புகை இல்லை, பித்தளைக் குழாய் செத்ததுபோலக் கையில் கிடக்கிறது. தபோதரன் சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கிற வேப்பை மறுபடியும் மூன்றாகக் கழற்றிச் சமையலறை மேசையில் விரித்திருந்த விளம்பரத் தாளில் வைத்தான். அடியில் பட்டன், நடுவில் பற்றறி போகும் குழாய், மேலே கொயில் என்கிற கம்பிச்சுருள் இருக்கும் தலை, இவ்வளவுதான், சிப் இல்லை, திரை இல்லை, உலோகம் உலோகத்தில் முட்டினால் சூடாகும், முட்டாவிட்டால் இல்லை, ஜெர்மனியின் ஹம் நகரில் கம்பித் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடமாக மின் பழுது பார்க்கிறவனுக்கு இந்த விரல் நீளக் குழாய் பிடிபடமாட்டேன் என்கிறதே… பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து மரைகளைத் துடைத்தான், கறுப்பாக வந்தது, இன்னொரு குச்சி, அதுவும் கறுப்பு. சிகரெட்டை விட்டு நூற்றுப் பதினோரு நாள், இது வேலை செய்யாவிட்டால் கீழே கியோஸ்க்குக்குப் போய் ஒரு பெட்டி வாங்கிவிடுவான், அவனுக்கே தெரியும், இன்றைக்குப் பார்த்து, தம்பி வருகிற இன்றைக்குப் பார்த்து.

நிவேதிதா கதவடியில் வந்து நின்றாள். "ரெண்டு நாப்பதுக்கு ட்ரெயின், நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லை."

"இந்தா முடிஞ்சுது, அஞ்சு நிமிசம்."

"அரை மணித்தியாலமாய் இதைத்தான் சொல்லுறியள்" என்றாள் மனைவி, அவன் நிமிரவில்லை, பட்டனின் ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்தான், நல்ல விறைப்பு, மணல்தாளால் தொடுமுனையை உரசினான், பளபளத்தது, பூட்டினான், அழுத்தினான்… ஒன்றுமில்லை. மற்றப் பற்றறியைப் போடலாமா, அதன் உறை ஓரத்தில் கிழிந்திருக்கிறது, கிழிந்ததைப் போட்டால் குழாயோடு முட்டிக் கையிலேயே வெடிக்கும், வேண்டாம், அந்தளவுக்கு மூளை இன்னும் இருக்கிறது. நான்கு வருடமாக ஒரு சொல் பேசாத தம்பி அபிஷன் புதன்கிழமை குரல்பதிவு அனுப்பியிருந்தான், எட்டுத் தடவை கேட்டாயிற்று, இரண்டு வயதில் இங்கே வந்தவன், சொற்களுக்கு நடுவே நின்று நின்று பேசியிருந்தான். "அண்ணா, பிழை என்னிலைதான். அம்மாக்குக் கடுமை எண்டு நீ சொன்னனீ. நான்தான் வடிவாய் விளங்கிக்கொள்ளேல்லை. சனிக்கிழமை வாறன்."

நான் சொன்னேனா? தலையின் தடை அரை ஓம், சரியாகத்தான் இருக்கிறது, கொயில் அறுந்திருக்கவில்லை, அப்படியென்றால் எங்கே, எங்கேதான்… அம்மா இரண்டாவது முறை விழுந்தபோது ஆஸ்பத்திரியில் முடிவெடுக்க மூன்று நாள்தான் தவணை தந்தார்கள், பராமரிப்பு இல்லத்துக்கான ஆன்ட்ராக்கில், அந்த விண்ணப்பத்தில், அவன் தனியாகக் கையெழுத்து வைத்தான், அபிஷனைக் கேட்டிருந்தால் வுப்பர்டாலில் இருந்து ஓடிவந்து சண்டை பிடித்திருப்பான், வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்பான், பார்ப்பது யார், நிவேதிதாவும் நானுந்தானே, எல்லாம் ஒழுங்காகட்டும், பிறகு சொல்லுவம் என்று நினைத்தான். டொக்டர் நாட்கணக்கு என்று சொன்ன அன்று பின்னேரம் தம்பிக்குப் போன் எடுத்து, அம்மாவுக்குக் கொஞ்சம் ஏலாது, பயப்படாதை, அவசரப்பட்டு வரவேண்டாம் என்றான். தம்பி எங்கை என்று கேட்ட அம்மாவிடம், வேலையாம், வரமுடியாதாம் என்றான். நான்காம் நாள் அவள் போய்விட்டாள். செத்த வீட்டில் அபிஷன் எல்லார் முன்னாலும் கத்தினான், அம்மாவைக் கொண்டுபோய்த் தள்ளிப்போட்டாய், எனக்கேன் சொல்லேல்லை என்று, இவனும் கத்தினான், சொன்னனான்தானே, கடுமை எண்டு சொன்னனான், நீதான் வரேல்லை. அத்தனை சனமும் தம்பியைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பொய்யைத்தான் தம்பி நான்கு வருடமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்து உண்மையாக்கிவிட்டு, இப்போது மன்னிப்புக் கேட்க ரயிலேறியிருக்கிறான்.

"கார்த் திறப்பு எங்கை? நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன்." நிவேதிதா கதவைச் சாத்திக்கொண்டு போனாள், எழும்பியிருக்கலாம், படியில் ஓடிப் பிடித்திருக்கலாம், அவன் குழாயைக் காதருகில் வைத்துக் குலுக்கினான். உள்ளே பற்றறி லொடலொடத்தது. அட, மேலே முட்டவில்லை! தலையின் அடியிலிருக்கும் நடு ஊசி பற்றறியின் உச்சியைத் தொடுவதற்குக் கடதாசித் தடிப்பளவு இடைவெளி, அவ்வளவுதான். ஊசியின் திருகை அரைச் சுற்று வெளியே எடுத்தான், பூட்டிக் குலுக்கினான், சத்தமில்லை, அழுத்தினான், கொயில் சிவந்து புகை எழுந்தது, ஆழமாக இழுத்தான், இன்னொரு முறை இழுத்தான், நெஞ்சுக்குள் எதுவும் இளகவில்லை, சீ, இதற்காகவா ஒரு மணித்தியாலம்…

நிவேதிதாவுக்குப் பின்னால் அபிஷன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான், மெலிந்திருந்தான், தாடியில் நரை, அண்ணனுடைய ஸ்பிரிட் மணக்கும் கைகளைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, என்னை மன்னிச்சுக்கொள்."

"அபி, அண்டைக்கு போனிலை நான்…"

"தெரியும் அண்ணா, நீ சொன்னனீ. என்ரை தமிழ்தான் காணாது. இப்ப கிளாசுக்குப் போறன், தெரியுமோ? ரெண்டு வருசமாய், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும்." சிரித்தான், கண் கலங்கியிருந்தது. நிவேதிதா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கத் திரும்பிவிட்டாள். தபோதரன் வேப்பை மேசையில் வைத்தான், இரண்டு வருடமா, அதற்காகவா… ஆஸ்பத்திரி, மருந்து, ஆன்ட்ராக் என்று ஏதாவது முக்கியமான கதையென்றால் சின்ன வயதிலிருந்தே அவனும் தம்பியும் ஜெர்மனில்தான் பேசிக்கொள்வார்கள், தம்பிக்கு அதுதான் விளங்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு போனில் மட்டும் நான் ஏன் தமிழில் பேசினேன்?