பாலோ ஸ்டேஷன் மாஸ்டரின் பாண்

1927 மார்ச்சில் பாலோ என்ற சிற்றூரின் ரயில் ஸ்டேஷன் மாஸ்டர் கனகசுந்தரம் தரைக்கு நான்கு அங்குலம் மேலே நடக்கத் தொடங்கினார். அதே வாரம் மண்ணெண்ணெய் விலை ஏறியது. ஊரில் அதைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசினார்கள். ஏப்ரலில் உயரம் ஒரு முழமானது. ஒன்றரை என்றும் ஒருவர் சொன்னார். எது சரியென்று தெரியாததால் குறைந்ததையே எழுதுகிறேன். கூரையில்லாத பிளாட்பாரத்தில் ஒருநாள் அவர் கைக்கெட்டாமல் போய்விடுவார் என்ற பயத்தில் அவர் மனைவி செல்லப்பாக்கியத்துக்குச் சோறு இறங்கவில்லை.

தவிடு நீக்காத கோதுமை மாவில் சுட்ட ரொட்டி வயிற்றில் பாரமாய் நிற்கும் என்றார் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். யாழ்ப்பாணத்தாரான கனகசுந்தரம் வீட்டில் அதற்குப் பாண் என்று பெயர். கடைக்காரர் காளியப்பன் சிகாமட் டவுனிலிருந்து மூன்று வகைக் கோதுமையில் மூன்று மூட்டை மா வரவழைத்தார். "எல்லாம் கோதுமைதானேம்மா, எதுல சுட்டா என்ன?" என்றார். அப்படியல்ல என்பது செல்லப்பாக்கியத்துக்கு மூன்று வாரத்தில் தெரிந்தது. மென் கோதுமை மா கொஞ்சத் தண்ணீரிலேயே குழைந்தது. பாண் எழும்பவில்லை, பிஸ்கட்டுக்குத்தான் ஆகும். வெள்ளைக் கோதுமை மா கசப்பில்லாமல் இளநிறமாய் வெந்தது. ஆனால் கணவர் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. சிவப்புக் கோதுமையின் கொரகொரத்த மா தண்ணீரை மெதுவாய்க் குடித்தது. ஒரு மணி நேரம் ஊறவிட்டு, புளிக்கக் கள் ஊற்றிப் பிசைந்து வைத்தபோது, பானை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது. அந்தப் பாணில் நான்கு துண்டு தின்ற கனகசுந்தரம் உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ, இறங்குங்கோ!"

"நீர் சுட்ட பாண்தானே ஏத்தினது. இன்னொரு துண்டு கிடக்கோ?"

மறுநாள் அழுதபடி வேலை செய்த செல்லப்பாக்கியம், புட்டுக்குச் செய்கிற பழக்கத்தில், மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்துவிட்டாள். அவித்த மா எழும்பாது. அடுப்பிலிருந்து செங்கல்தான் வந்தது. கனகசுந்தரம் கடித்தார், "கல்லு" என்றார், மென்றார். "நாங்கள் இஞ்ச வந்த முதல் நாள் நீர் அவிச்ச புட்டும் இதே மணம்தான்" என்றார். கடைசித் துண்டை விழுங்கியபோது அவருடைய காலிலிருந்த சப்பாத்து தரையில் பட்ட சத்தம் கேட்டது.

1935இல் ஓய்வு பெறும்வரை வேலை நாட்களில் அவித்த மாப் பாண் தின்று தரையில் நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லப்பாக்கியம் சிவப்புக் கோதுமைப் பாண் சுடுவாள். பரிமாறுமுன் அவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை ரம்புத்தான் மரத்தில் முடிவாள். அந்த நாளில் ரயிலில் போனவர்கள் இன்றும் பாண் மணத்தைத்தான் சொல்கிறார்கள். மரத்துக்கு மேலே நின்ற மனிதரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மேலேயிருந்து அவர் பழம் பறித்துப் போடுவார். நன்றாகச் சிவந்ததாகப் பார்த்துப் போடச் சொல்லி, அவள் கீழே சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்து நிற்பாள்.