பொங்கல் வண்டி

ஃப்ரீசர் பெட்டியைக் கூடத்தில் இறக்கியதும், கொண்டுவந்த ஆட்களில் ஒருவன் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகப் பார்த்தான்.

"பெரிய பிளக் பாயிண்ட் எங்கம்மா? இது சின்னதுல ஓடாது."

அந்த நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் பெரிய பிளக் சொருகுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். கூடத்து அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு பிளக் இருந்தது. அதன் ஒயர் சுவரோரமாகப் போய், உள்ளறைக் கதவுக்கு அடியில் நுழைந்து, சிங்காரவேலின் ரயில் மேசையில் முடிந்தது. கதவுக்குப் பின்னால் பொம்மை ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காலை ஆறு மணியிலிருந்து அதை யாரும் நிறுத்தவில்லை. சிங்காரவேல் இங்கே பெஞ்சில் தாடை கட்டப்பட்டுக் கிடந்தபோதும் அதைத் தொட யாருக்கும் கை வரவில்லை.

"இத எடுத்துடட்டுமா?"

"நான் எடுக்கறேன்," என்றாள் சத்யப்பிரியா. பாண்டிச்சேரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பத்தாவது படிக்கும்போது ஒரு காலையில், யூனிஃபார்ம் தேய்க்க இதே பிளக்கை அவள் பிடுங்கியிருக்கிறாள். உள்ளே அப்பா தீபாவளிக்கு அலங்கரித்த பொம்மை வண்டியை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. வண்டி பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. அப்பா ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டோடு வெளியே வந்தார். மூன்றாவது அடியில் அம்மா குறுக்கே விழுந்தாள். மிச்சத்தை அம்மா வாங்கிக்கொண்டாள். அம்மாவின் இடது கை மோதிர விரல் இன்றைக்கும் மடங்காது.

சத்யப்பிரியா பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே சத்தம் நின்றது. அவளையறியாமல் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

பெட்டிக்குள் வைத்ததும் தலைமாட்டில் அம்மா விருத்தாம்பாள் உட்கார்ந்தாள். அழவில்லை. மேலுதடு ஒரு பக்கம் வீங்கி, கறுத்த ரத்தம் காய்ந்திருந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள், வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கோலம் போட்டுகினு இருக்கேன், ஓடியாந்து 'அவரு விழுந்துட்டாரு கஸ்தூரி'ன்றா. உடனே எங்க வூட்டுக்காரரு காரை எடுத்தாரு. ஆஸ்பத்திரியில டாக்டரு, 'எப்ப விழுந்தாரு? விழுந்ததும் கொண்டாந்திருந்தா எதுனா பண்ணியிருக்கலாமே'ன்றாரு. விழுந்ததும்தான கொண்டுபோனோம்? இல்லியா விருத்தாம்பா?"

"விழுந்ததும்தான் ஓடியாந்தன்," என்றாள் விருத்தாம்பாள்.

திருவதிகையிலிருந்து வந்திருந்த ஒரு கிழவி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "உதட்டுல என்னாடி?"

"ஓடி வரச்சொல்ல நிலைப்படியில இடிச்சிக்கினேன், அத்தே."

கஸ்தூரியம்மாள் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபது வருடமாக எதிர் வீட்டில் இருக்கிறாள். அந்த நிலைப்படியை அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பதினோரு மணிக்கு சென்னையிலிருந்து நான்கு பேர் காரில் வந்து இறங்கினார்கள். பெரிய ரோஜா மாலை. அதில் எஞ்சின் படம் ஒட்டிய அட்டை. எல்லாரும் பொம்மை ரயில்காரர்கள். நாடெங்கும் நூற்று நாற்பது பேர் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தார்கள். பண்டிகைக்குப் பண்டிகை ஆளுக்கொரு வண்டியை அலங்கரித்து ஓட்டிக் காட்டுவார்கள். கிறிஸ்துமஸுக்குப் பஞ்சுப்பனி ஒட்டிய வண்டி, ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டிய எஞ்சின், கொலுவுக்கு முதல் படியைச் சுற்றி ஓடும் வண்டி. சுரங்கத்தில் ராட்சத மெஷின் ஓட்டிய சிங்காரவேல்தான் அந்தக் குரூப்பிலேயே நுணுக்கமான கை என்று பேர்.

ஜெயகணேஷ் என்பவர் பெட்டியின் கண்ணாடியைத் தொட்டுத் தேம்பினார்.

"இந்த மாதிரி பொறுமைசாலிய நான் பார்த்ததில்லம்மா. போன வருசம் இங்க வந்தப்ப கை தவறி ஒரு சிக்னலை உடைச்சிட்டேன். 'அட விடுங்க சார், ஒட்டிக்கலாம்'னு சிரிச்சாரு. ஒரு சுடுசொல் இல்ல."

விருத்தாம்பாள் இடது கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு விஷயம் கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் அவர். "எங்க குரூப்ல யாராச்சும் தவறிட்டா, அவரு வண்டிய அவரு மேசையிலயே, வீட்டுக்காரங்க கையால ஒரே ஒரு சுத்து ஓட்டுவோம். அது வழக்கம். நீங்க ஓட்டணும்."

"இப்ப கரண்டு பெட்டிக்கு வேணுங்களே," என்றாள் விருத்தாம்பாள்.

"ஐயோ, ஆமா. அப்புறம் மெதுவா ஓட்டுங்கம்மா. இன்னொண்ணு... 'நாளைக்குக் காலையில பொங்கல் வண்டி வரும்'னு நேத்து போட்டிருந்தாரு. வீடியோ எடுத்திருப்பாரு. எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

"நான் பார்க்கறேன்," என்று சத்யப்பிரியா உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டாள்.

அறை முழுக்க மேசைதான். நெய்வேலி ஸ்டேஷன், லெவல் கிராசிங், ஒரு மலை, அதில் ஒரு குகை. பொங்கல் வண்டி லெவல் கிராசிங்கில் நின்றிருந்தது. எட்டுப் பெட்டிகளிலும் மிளகு அளவு மண்பானைகள். விளக்குமாற்றுக் குச்சியில் சீவிய கரும்பு. மேசைக்கு ஒரு பக்கம் அப்பாவின் சுழல் நாற்காலி. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. எதிர்ப்பக்கம் ஸ்டாண்டில் போன் இருந்தது. இடம் நிரம்பி, வீடியோ தானாகவே நின்றிருந்தது. போனுக்குப் பூட்டு கிடையாது. அதைத் தொடுகிற துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை, அதனால் பூட்டு தேவைப்படவில்லை. சத்யப்பிரியா வீடியோவை முதலிலிருந்து ஓட்டினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நல்லா இருக்கீங்களா? வூட்ல எல்லாரும் சௌக்கியமா? பனி அதிகமா இருக்குது, உடம்ப பாத்துக்குங்க." அப்பா சிரித்தார். இந்தக் குரலில் அவர் அவளிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. "இதோ நம்ம பொங்கல் வண்டி கெளம்பிடுச்சு. பாத்துட்டு நீங்களும் உங்க வண்டிய ஓட்டிக் காட்டணும். ஒருத்தரையும் விடமாட்டேன்."

வண்டி குகைக்குள் போய் வெளியே வந்தது. பானைகள் மினுங்கின. இரண்டாவது நிமிடத்தில் கதவு திறக்கும் சத்தம்.

"காபி ஆறுதுங்க."

கன்னத்தில் அறை விழுந்த சத்தத்தில் போனே அதிர்ந்தது. அம்மா மேசை விளிம்பில் மோதினாள். அப்பா கொண்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"ரெக்கார்டு ஓடச்சொல்ல வாயத் தொறக்காதன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்? எத்தினி வாட்டி?"

முகத்தை விளிம்பில் இன்னொரு முறை இடித்தார். கிராசிங் கம்பத்தில் ரத்தம் தெறித்தது. மூன்றாவது முறைக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு நெஞ்சுக்கு வந்தது. இன்னொரு கை மேசையைப் பிடித்தது. விரல்கள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன. அப்புறம் அவையும் இல்லை. கனமாக ஏதோ விழுந்தது.

"விருத்தா... தண்ணி... மாத்திரை..."

அம்மா எழுந்தாள். கீழே பார்த்தாள். சுழல் நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தாள்.

வண்டி அவள் முகத்துக்கு முன்னால் வந்தது, போனது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். அம்மாவின் கண்கள் வண்டியோடு போய், வண்டியோடு திரும்பின. சத்யப்பிரியா தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினாள். மூன்றாவது சுற்றுவரை கீழேயிருந்து குரல் வந்தது. நான்காவதில் கால் தரையைத் தேய்க்கிற சத்தம் மட்டும். அப்புறம் வண்டிச் சத்தம்தான். பதினோராவது சுற்று கிராசிங்கைத் தாண்டியதும் அம்மா எழுந்தாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள், வெளியே போனாள். தெருவிலிருந்து அவள் அலறல் அதற்குப் பிறகுதான் கேட்டது.

கதவு தட்டப்பட்டது. "கிடைச்சுதாம்மா?" ஜெயகணேஷின் குரல்.

கட்டைவிரலுக்கு அடியில் அனுப்புகிற பொத்தான் இருந்தது. ஒரே அழுத்து போதும். பொறுமைசாலி யார் என்று நூற்று நாற்பது போனிலும் தெரிந்துவிடும். அந்தப் பதினோரு நிமிடமும் கூடவே போகும். டாக்டருக்கும் போகும், போலீசுக்கும் போகும்.

வண்டியின் கடைசிப் பெட்டியைப் பிய்த்துக் கைக்குள் வைத்து நெரித்தாள். பானைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. தகரம் உள்ளங்கையில் இறங்கியது. அவள் விடவில்லை.

பிறகு இடது கையால் வீடியோவின் முதல் ஒன்றரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினாள். மிச்சத்தை அழித்தாள். அழிந்தவை போய்ச் சேரும் இடத்திலிருந்தும் அழித்தாள். துப்பட்டா நுனியை எச்சிலால் ஈரமாக்கிக் கிராசிங் கம்பத்தைத் துடைத்தாள்.

கதவைத் திறந்தபோது ஜெயகணேஷ் தன் போனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். "என்ன குரல்ம்மா அது," என்றார்.

"ஆமா," என்றாள்.

மூன்று மணிக்குப் பறை முழங்க எடுத்துப்போனார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். ஃப்ரீசர்க்காரர்கள் பிளக்கைப் பிடுங்கி, காலிப் பெட்டியைக் கொண்டுபோனார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். கஸ்தூரியம்மாள் ஒரு ஃபிளாஸ்கை வைத்துவிட்டு, குளித்துவிட்டு வருவதாகப் போனாள்.

தலை முழுகிய ஈரத்தோடு விருத்தாம்பாள் கூடத்தில் நின்றாள். காலியாக இருந்த பிளக் பாயிண்டைப் பார்த்தாள். குனிந்து, தரையில் கிடந்த ரயில் பிளக்கை எடுத்துச் சொருகினாள்.

உள்ளே வண்டி கிளம்பியது.

"அவங்க சொன்ன சுத்தா?" என்று கேட்டாள் சத்யப்பிரியா.

அம்மா உள்ளே போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஏழு பெட்டிகளோடு வண்டி குகைக்குள் போய் வந்து கிராசிங்கைத் தாண்டியது. ஒரு சுற்று முடிந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கோயம்புத்தூர், மதுரை, பெங்களூர் என்று ஒவ்வொருவரும் தங்கள் பொங்கல் வண்டியை ஓட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்து முடிந்தது. ஆறு. சத்யப்பிரியா கதவில் சாய்ந்தபடி நின்றாள். ஒன்பது. பத்து.

பதினோராவது சுற்று கிராசிங்கைத் தாண்டியதும் அம்மா எழுந்தாள். மகளைக் கடந்து கூடத்துக்குப் போனாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

"கஸ்தூரி காபி வச்சிட்டுப் போனா இல்ல? ஊத்து."

சத்யப்பிரியா இரண்டு டம்ளரில் ஊற்றினாள். டம்ளரை வாங்கும்போது அம்மா அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் வெட்டு நீளமாக இருந்தது.

"என்னாடி இது?"

"நிலைப்படியில இடிச்சிக்கினேம்மா."

விருத்தாம்பாள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விட்டாள். டம்ளரை வாயின் நல்ல பக்கத்தில் வைத்து, ஊதி ஊதிக் குடித்தாள்.