பிரிக்கக் கூடாத கவர்

கவரைப் பிரித்துவிட்டார். என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். நான் படித்த நர்சிங் கல்லூரியில் காலையிலிருந்து தவம் கிடந்து, மூணு வருஷ மதிப்பெண் தாள்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்டை ஒட்டின கவரில் வாங்கியிருந்தேன். முகம் கழுவிவிட்டு வருவதற்குள், கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிட்டார் மனுஷன்.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கலாம்னு..." என்றார்.

இவருக்கு அது ஒரு வியாதி. கரண்டு பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் நகல் வேண்டும். ஆனால் இது கல்லூரியே ஒட்டி, ஒட்டின இடத்தில் முத்திரை குத்திக் கொடுத்த கவர். பிரிந்திருந்தால், நான் வேலைக்கு மனுப் போட்டிருக்கும் வெளிநாட்டு ஆஸ்பத்திரி அதைத் தொடக்கூட மாட்டாது. நாலு மணிக்குக் கூரியர் கடையில் அன்றைய தபால் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். இன்றைக்குப் போகாவிட்டால் கெடு தாண்டிவிடும், அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. உள்ள இருக்கிற..."

"வாயைத் திறக்காதீங்க! உங்க கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காதா? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். பார்க்கட்டும். நான் தலைதெறிக்கக் கல்லூரிக்கு ஓடினேன். பின்னாலேயே தாள்களோடு வந்தவர் இன்னொரு தடவை "இங்க பாரு" என்றார். "பேசினீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றேன். ஏற்கெனவே வந்திருந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், காலையில் கவரைக் கொடுத்த அதே கிளார்க். காலையில் அவர் டீ குடிக்கப் போய் வெகுநேரம் வராததற்கு, "சம்பளம் டீ குடிக்கவா தர்றாங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருந்தேன். இப்போது முத்திரையை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பிரிச்சா செல்லாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. புதுசா மனு எழுதிக் கொடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்."

"காலையில பேசினது தப்புதான் சார். மனசுல வச்சுக்காதீங்க. இந்த வேலைக்கு ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்." யாரிடமும் இப்படிக் கெஞ்சியவள் இல்லை நான்.

"இருங்க, டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சாவியைச் சுழற்றினார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக ஒரு தாளை நீட்டினார். "சார், இந்த ரெண்டாம் வருஷத் தாளைப் பாருங்க. இது இவளோடது இல்ல."

நான் வெடுக்கென்று எட்டிப் பார்த்தேன். எங்கள் வகுப்பில் என் பெயரில் இரண்டு பேர். நான் நெட்டை, அவள் குட்டை; அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாளில் இருந்தது குட்டையின் அப்பா பெயர், குட்டையின் மதிப்பெண்கள். இரண்டு பாடத்தில் தோல்வி. அடியில் கிளார்க்கின் கையெழுத்து. கவர் பிரியாமல் போயிருந்தால் அந்தத் தோல்வி என் தலையில்தான் விடிந்திருக்கும்.

கிளார்க்கின் முகத்தில் ஈயாடவில்லை. டீ மறந்துபோயிற்று. சரியான தாள் வந்தது, புதுக் கவர் வந்தது, முத்திரை 'டப்' என்று விழுந்தது.

கூரியர் கடையில் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, அண்ணே!" என்று நான் போட்ட கூச்சலில் அவிழ்த்தார்கள். கவர் உள்ளே போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினேன்.

"ஏங்க, இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று இவரிடம் பாய்ந்தேன்.

"வாயைத் திறக்காதேன்னியே" என்றார்.

குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.