ஏலம் கேட்டவள்

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு மைல் நடந்து அருணகிரி அந்தப் புன்செய்க் காட்டுக்குள் நுழைந்தபோது, ஏலம் நடக்கப்போகிற இடமாகவே அது தெரியவில்லை. வேப்பமரத்தடியில் இருபது ஆண்கள் வெற்றிலை போட்டபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலை யாரோ கூட்டிச் சாணம் தெளித்திருந்தார்கள். கதவையும் துடைத்து, அதில் ஒட்டியிருந்த சர்க்கார் நோட்டீஸைச் சுற்றி மட்டும் துடைக்காமல் விட்டிருந்தார்கள். ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடும் அதில் நிற்கும் வீடும், மூன்று வருஷத்து வரிப் பாக்கிக்காகப் பத்து மணிக்கு ஏலம்.

வீடு சடையனுடையது. பெரிய யுத்தத்தின்போது, நாற்பத்தைந்து வயதை முப்பத்தைந்து என்று சொல்லிச் சேர்ந்து, கடல் தாண்டிப் பஸ்ராவில் இரண்டு வருஷம் ரோடு போட்டுவிட்டுத் திரும்பியவர். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவன், திரும்பி வந்தால் ஆயுசுக்கும் வரி கிடையாது என்று சொன்னானாம். கடலைக்காய் விலை இருந்தவரையில் கேட்டதும் கட்டிவந்தார். விலை விழுந்த பிறகுதான் அந்த வாக்கு அவருக்கு ஞாபகம் வந்தது. நாமக்கல் தாலுக்கா கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைக்கும் அருணகிரி அதைப் பற்றி மூன்று மனு எழுதிக் கொடுத்திருந்தான். அப்படியொரு உத்தரவு இல்லை என்று மூன்று முறை பதில் வந்தது. ஊரார் காசு சேர்த்து, வரி வசூலிக்கும் மணியக்காரரிடம் கட்டப் போனார்கள். சடையன் கட்டவிடாமல் அதை வாங்கிவந்து, பட்டாளத்துக்காரன் பிச்சை எடுப்பதில்லை என்று வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பயப்படாதீங்க சாமி," என்றார் தங்கசாமி. அவர் பேச்சை ஊரில் நாலு பேர் கேட்டு நடப்பார்கள். "ராத்திரி மாரியம்மன் கோயில்ல கற்பூரம் ஏத்திச் சத்தியம் பண்ணியாச்சு. இந்த ஊட்டை ஒருத்தனும் ஏலம் கேக்க மாட்டான். ராசிபுரத்து யாவாரிக்கும் ஆள் சொல்லியுட்டாச்சு. ரெவினி ஆளு தொண்டை காஞ்சு போவட்டும்!"

அருணகிரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். எத்தனையோ ஏலம் பார்த்தவன். ஒருவரும் கேட்காவிட்டால் சர்க்காரே ஓரணாவுக்கு எடுத்துக்கொள்ளும். அப்புறம் அதை மீட்க வழி கிடையாது. அவன் இதைச் சொன்னதும் மரத்தடியில் சிரிப்பு நின்றது. கூட்டத்தில் இருந்த மாரியப்பன் மென்ற வெற்றிலையைத் துப்ப மறந்து நின்றான்.

"அப்ப யாராச்சும் கேட்டுத்தான் ஆவோணுங்களா? சத்தியம் பண்ணிட்டமுங்களே," என்றார் தங்கசாமி.

"சத்தியம் பண்ணாதவங்க யாருமே இல்லீங்களா?" என்று கேட்டான் அருணகிரி.

சத்தியத்துக்குப் பெண்களை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் புருஷன் செய்த சத்தியம் வீட்டுக்கே சத்தியம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் தங்கசாமி வேலிக்கு அப்பால் கை நீட்டினார். "ஆம்பளை இல்லாத ஊடு அது ஒண்ணுதான். வள்ளியாத்தாள். ஆனா அது ஆகாதுங்க. ரெண்டு காட்டு எல்லையில நின்ன பொலிப் பனையைச் சடையன் வெட்டிப்போட்டாருன்னு ஏழு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லை."

வள்ளியாத்தாள் களத்தில் ஆமணக்குக் காய்களைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தாள். அருணகிரி சொல்லி முடிக்கும்வரை தடி நிற்கவில்லை.

"பனை வெட்டுன கை வெளங்காமப் போவோணும்னு நான் வேண்டாத நாளில்லை சாமி."

"தெரியுமுங்க ஆத்தா."

"நான் ஏலம் கேட்டா ஊரு என்ன பேசும்? பனைக்குப் பழியா ஊட்டையே புடுங்கிட்டாள்னு பேசும்."

"நான் அவருகிட்ட உள்ளதைச் சொல்லிப்போடறனுங்க."

தடி நின்றது. "சொன்னீங்கன்னா அந்த ஆளு தருமம்னு சொல்லித் துப்பிட்டுப் போயிருவாரு. வாயைத் தொறக்காதீங்க. பேசறவன் பேசிட்டுப் போறான்." தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். எருமை விற்ற பணம் எங்கேயோ பானைக்குள் இருந்திருக்க வேண்டும். அரிசி இறையும் சத்தம் கேட்டது.

பத்து மணிக்கு ரெவினியூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். சடையன் காக்கிக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, தகரப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்து, அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாக்கி முப்பத்தெட்டு ரூபாய் என்று இன்ஸ்பெக்டர் வாசித்தார். யார் கேட்பது என்றார். மரத்தடி அசையவில்லை.

"நாப்பது ரூவா," என்றாள் வேலியோரம் நின்ற வள்ளியாத்தாள்.

"அடிப்பாவி! ஏழு தலைமுறைக்கு ஆவுமா உனக்கு!" என்று மாரியப்பன் நடிப்புக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே கத்தினான். தங்கசாமி அவன் இடுப்பில் இடித்தார். சடையன் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றுதரம் ஆனது. அவள் சுருக்குப் பையை அவிழ்த்து முழுப் பணத்தையும் எண்ணி வைத்து ரசீது வாங்கிக்கொண்டாள். சடையன் எழுந்து பெட்டியைத் தோளில் ஏற்றினார். எங்கே போகிறார் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

"ரெவினி சாமி," என்றாள் வள்ளியாத்தாள். "அந்த ஆளுகிட்டக் கேளுங்க. நான் ஒண்டிப் பொம்பளை, ரெண்டு காட்டைக் காவல் காக்க முடியாது. ஊட்டுல இருந்து பாத்துக்க ஆள் வேணும்."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவருக்கும் நடுவே பத்தடி தூரம்தான்.

"சம்பளம் என்னன்னு கேளுங்க," என்றார் சடையன், இன்ஸ்பெக்டரிடமே.

"வெளையறதுல பாதி. வரி நான் கட்டிக்கறேன்னு சொல்லுங்க."

"வரியை அவங்க கட்டட்டும். நான் கட்டக் கூடாதுன்னு எனக்கு வாக்கு இருக்குதுன்னு சொல்லுங்க."

"அந்த வாக்கை ஆரு இப்ப இல்லைன்னாங்க!" என்றாள் அவள். இது இன்ஸ்பெக்டருக்குச் சொன்னதாகப் படவில்லை.

சடையன் பெட்டியை இறக்கி வைத்தார். ஆனால் படியேறவில்லை. ஊரார் காத்திருந்தார்கள். அருணகிரிக்குத்தான் முதலில் புரிந்தது: அது இப்போது அடுத்தவர் வீடு, உடையவர் அழைக்காமல் அவர் நுழையமாட்டார். வள்ளியாத்தாளுக்கும் புரிந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஏழு வருஷமாகக் கால் வைக்காத அந்தப் படியில் ஏறி உள்ளே போனாள். இருட்டிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீருடன் திரும்பி நிலைப்படியில் நின்றாள்.

"வாங்க," என்றாள், அவரைப் பார்த்து.

சடையன் சொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். விருந்துக்கு வந்த ஆளைப்போல, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, அவசரமில்லாமல் ஒரு காலைக் கழுவினார். இன்னொரு காலுக்குத் தண்ணீர் போதவில்லை. வெறும் சொம்பை நீட்டியபடி, ஈரக்காலை மண்ணில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் அதை வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனாள்.