சித்தாராவின் குட்டி

எங்கள் கத்தியவாரிக் குதிரை வளர்ப்போர் சங்கத்தின் பதிவேட்டில் இருந்த ஒரே சுத்த இனப் பெட்டைக் குதிரை சித்தாரா. காயல்பட்டினம் முஸம்மில் துபாய்க்கு வேலைக்குப் போகும்போது அதை மனைவி சக்கீனாவின் பெயருக்கு எழுதி, எங்களிடம் வளர்க்க விட்டுப் போனார். செயலாளர் நான்தான். போன வருடம் குலசேகரன்பட்டினம் கடற்கரைக்குப் படம் எடுக்கக் கூட்டிப் போன இடத்தில் அலை அதை இழுத்துக்கொண்டது. சங்கத்தில் அத்தனை பேரிடமும் அப்படித்தான் சொன்னேன். சக்கீனாவிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். அதே செவலை நிறம், அதே நெற்றிப் பொட்டு, நுனி உரசும் அதே காதுகள். இனச் சான்றுக் காகிதம் மட்டும் இல்லாத ஒரு குதிரையைச் சங்கத்தாரின் சம்மதத்தோடு வெளியூர்ச் சந்தையில் பிடித்து வந்து, "சித்தாரா" என்று கூப்பிட்டேன். முதல் அழைப்பிலேயே திரும்பிப் பார்த்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் இரண்டாவது முறை கூப்பிடவில்லை. தொட்டியில் பாதித் தீனியைத் தின்றதும் ஒதுங்கி நிற்கும், இன்னொன்றுக்கு இடம் விடுவதுபோல. லாயத்துக்குள் தனியாகப் போகவே பயந்தேன்.

அது இந்த மாசியில் குட்டி போட்டது. சித்தாராவின் குட்டி என்று பதிந்தால்தான் சங்கத்துக்கு வாழ்வு. இல்லையென்றால் எங்கள் எட்டு வருட உழைப்பு கடலில் கரைத்த பெருங்காயம். பதிவதற்கு உரிமையாளர் கையெழுத்து வேண்டும். வேறு வழியில்லாமல் சக்கீனாவுக்குப் போன் செய்தேன்.

சனிக்கிழமை காலை ஆட்டோவில் வந்தார். தாயின் கழுத்தைத் தடவினார். குட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"அழகா இருக்கு, சொரிமுத்து அண்ணாச்சி. எங்க கையெழுத்துப் போடணும்?"

காட்டினேன். பேனாவைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"போட்டுத் தாரேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை எங்க வீட்டுக்கு வரணும்."

"எதுக்கும்மா?"

"போன வருசத்துலேர்ந்து சித்தாரா எங்க கொல்லை வாசல்ல வந்து நிக்கி. உடம்பெல்லாம் நனைஞ்சு. தண்ணி வச்சாலும் குடிக்க மாட்டேங்கு."

நான் குட்டியோடு நின்ற குதிரையைத் திரும்பிப் பார்த்தேன்.

"முன்னங்கால் ரெண்டையும் கயித்தால கட்டியிருக்கு அண்ணாச்சி. நான் அவுக்கப் போனா பின்னால போவுது. கட்டுனவங்கதான் அவுக்கணும் போலிருக்கு."

படத்துக்கு ஆடாமல் நிற்கட்டும் என்று கட்டியவன் நான். பெரிய அலை வந்தபோது அவிழ்க்கக் குனிந்தேன். பிறகு பயந்து கரைக்கு ஓடிவிட்டேன். இதை ஒரு ஈ காக்கையிடம்கூட நான் சொன்னதில்லை.

"ஆட்டோ வெளிய நிக்கி," என்றார் சக்கீனா.

கையெழுத்தை நான் கேட்கவில்லை. போய் ஏறி உட்கார்ந்தேன்.