திருப்பி ஒட்டிய சாம்பிள்

"ஏனுங்க, பாருங்க. படுத்திருச்சு!" என்று நந்திதா கிராஃப் தாளைக் கணவனின் முகத்துக்கு நேரே பிடித்தாள். வாய் கூசாமல் சொன்ன பொய்.

ஆறு வருடமாக இருவரும் ஒரே ஆய்வகத்தில் இதற்காகத்தான் மல்லுக்கட்டினார்கள். ஆக்சைடை அடுக்கடுக்காக வளர்த்து, அதிலுள்ள நிக்கல் அணுவில் நிமிர்ந்து நிற்கும் எலக்ட்ரான் மேகத்தைப் படுக்க வைக்க வேண்டும். அடியில் அணு இடைவெளி கொஞ்சம் அகலமான படிகத்தைக் கொடுத்தால் மேலடுக்குகள் இழுபட்டு, மேகம் படுத்துவிடும் என்பது கணவன் சபரீஷின் கணக்கு. நுரையீரலில் புற்று வந்து பல்லடத்து வீட்டில் அவன் படுத்ததுதான் மிச்சம்.

நேற்று வந்த அளவீட்டில் மேகம் படுத்திருந்தது. காலையில் மாணவன் முஜீப் போனில் அழுதுவிட்டான்.

"மேடம், எக்ஸ்ரேல வெக்கறப்ப சாம்பிளத் தொண்ணூறு டிகிரி திருப்பி ஒட்டிப்போட்டேனுங்க. நிக்கறதுதான் படுத்த மாதிரி தெரியுதுங்க."

"சார்கிட்டச் சொல்லிராதே" என்று வைத்துவிட்டாள். மனுஷன் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டே போகட்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சபரீஷ் தாளை வெகுநேரம் பார்த்தான். கோட்டின் மேல் ஓடிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"நல்லா வந்திருக்குது அம்மணி. முஜீபுக்குப் போடு."

போனை அவன் காதில் வைத்தாள்.

"கண்ணு, படலத்த அருமையா வளர்த்திருக்கறே." மூச்சு வாங்கினான். "அளக்கறப்ப ஒருக்கா நேரா, ஒருக்கா திருப்பி வெச்சு, ரெண்டுவாட்டி அளந்துரோணும். நானும் ஒருக்கா மாத்தி ஒட்டுனவந்தான். மேடம் ஒண்ணும் திட்டமாட்டாங்க."

நந்திதாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அவன் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். கல்யாணமான நாளிலிருந்து அவன்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை. நாலு மணிக்குப் பிடி தளர்ந்தது.

கோயம்புத்தூரிலிருந்து முஜீப் வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"தலை கெழக்க கெடக்குது. தெக்க திருப்போணும். கட்டிலுக்கு நாலு பேர் வாங்கப்பா" என்றார் மாமனார் காளிச்சாமி. மூன்று பேர் வந்து குனிந்தார்கள்.

நந்திதா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முஜீபு, அந்தக் கட்டில் கால நீ புடி. மெதுவாத் திருப்பு."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.