கூண்டு போகும் இடமெல்லாம்

"சன்னலோரமாத்தானே நிக்கிறேன்? புகையெல்லாம் வெளியதான் போகுது," என்பார் என் வீட்டுக்காரர்.

"வெளிய போற புகை ஏங்க என் தொண்டைக்குள்ள வந்து உட்காருது?"

நான் துணி தைப்பது அந்தச் சன்னலுக்குப் பக்கத்தில்தான். வெளிச்சம் அங்கேதான். சட்டைக்குக் காஜா எடுக்க ஊசியைப் பிடித்தால் இருமலில் கை ஆடும். நெஞ்சு டாக்டர் அவரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார்: "அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்ல. ஆனா நீங்க விடற புகை அவங்க மூச்சுக்குழாயைப் புண்ணாக்குது. சன்னலைத் திறந்தா போதாது. வீட்டுக்குள்ள பிடிக்கவே கூடாது."

வெளியே வந்ததும், "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க," என்று ஒன்றைப் பற்றவைத்தார்.

அப்புறம் ஒரு கிளி வாங்கிவந்தார். வந்த சில நாளிலேயே அது வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னங்க சொன்னார்?"

"புகை ஆகாதாம். அது இருக்கிற அறையில பிடிச்சா செத்தே போயிடுமாம். பாவம்டி, வாயில்லா ஜீவன்!"

"எனக்கு வாய் இருக்கு. அதான் தப்பு."

அது அவர் காதில் விழவில்லை. கூண்டைக் கூடத்தில் பத்திரமாக மாட்டிவிட்டு, சிகரெட்டோடு நேராக என் தையல் அறைக்கு வந்தார்.

மறுநாள் கூண்டைத் தையல் அறைக்கு மாற்றினேன். அவர் சமையலறைக்குப் போய்ப் பிடித்தார். சமைக்கப் போகும்போது கூண்டையும் தூக்கிக்கொண்டு போனேன். படுக்கும்போது தலைமாட்டில் கூண்டு.

"என்னடி இது, கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டே திரியறே? இந்த வீட்டுல நான் எங்கதான் பிடிக்கிறது?"

"தெருவுல."

"யாரு சொன்னா?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்? கிளி டாக்டரா?"

"அவர் சொன்னாத்தானே உங்களுக்குக் காது கேக்குது!"

முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் தெருவிலிருந்து குரல் வந்தது.

"ஏய், காத்து சில்லுனு இருக்கு. அதுக்குத் துணி போர்த்தினியா?"

"போர்த்தியாச்சு!"

"மூச்சு நல்லா விடுதா?"

"விடுது, விடுது!"

என் மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹும். இருமல் குறுக்கிடாமல் நெஞ்சு நிறையக் காற்று வந்தது. அதனால் கோபமும் நடுவில் அறுபடாமல் முழுசாக வந்தது.